குடியிருப்புப் பொது இடத்தில் மூலிகைத் தோட்டம்: நிலம் கேட்பதிலிருந்து இலை பறிப்பது வரை

தாம்பரத்துக்குத் தெற்கே 64 வீடுகள் கொண்ட ஒரு மனைப்பிரிவில் குடியிருக்கிறோம். பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டுக் குப்பைமேடாகக் கிடந்த இடத்தில் சுமார் 1,400 சதுர அடியை எடுத்து, நம் மண்ணில் வளரும் மூலிகைகளைப் பொதுவில் வளர்க்கலாம் என்று முடிவு செய்தபோது, நான்கு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றே நினைத்தோம். முதல் கன்றை நடுவதற்கே ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அந்தக் காலத்தில் பெரும்பகுதி செடியைப் பற்றிய அறியாமையால் வீணாகவில்லை. எந்தத் தாளை யாரிடம் முதலில் வாங்குவது, எந்தக் கன்றை நம்பி வாங்குவது, பறித்த இலையை யார் யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பவற்றைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் வீணாயிற்று. அதே வேலையில் இறங்குகிறவர்கள் அந்த அலைச்சலைப் படாமல் இருக்க, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். நோய்க்கு மருந்து சொல்லும் கட்டுரையாக இதைக் கொள்ள வேண்டாம்.

1. நிலம் யாருடையது என்று எழுத்தில் பாருங்கள்

"நம் மனைப்பிரிவின் பூங்கா, நம்முடைய இடம்தானே" என்று தொடங்குவதுதான் எல்லோரும் விழும் முதல் பள்ளம். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை போக மீதிப் பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, அதை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த இடம் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ உரியது. குடியிருப்போருக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை உண்டே தவிர, வேலி போடவோ மண்ணைத் தோண்டவோ அனுமதி இல்லாமல் முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்வளாகமாக இருந்தால், அது எல்லா உரிமையாளர்களுக்கும் பிரிக்கப்படாத பங்காகச் சேர்ந்தது. அங்கே பொதுக்குழுவின் ஒப்புதல்தான் முக்கியம்.

எனவே மனைப்பிரிவு அனுமதி வரைபடத்தின் நகலை முதலில் கையில் எடுங்கள். மனை விற்றவர் கொடுத்த வண்ணப் படம் போதாது. ஒப்புதல் எண்ணும் முத்திரையும் உள்ள வரைபடம் வேண்டும். அதில் பூங்கா என்று குறித்த இடத்தின் புல எண்ணைக் கொண்டு பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதன் ஆவண எண்ணும் ஆண்டும் அதிலேயே தெரியும். நாங்கள் இதைச் செய்யாமல் நேராக வேலியைப் போட்டோம். ஆறு வாரத்தில் அதைப் பிரிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. வேலிக்கான கூலி இரண்டு முறை போயிற்று.

2. சங்கத்தின் தாள்களைச் சரிசெய்த பிறகே விண்ணப்பியுங்கள்

உள்ளாட்சி அமைப்புக்கு விண்ணப்பிக்கும்போது தனி ஆளாகக் கேட்டால் பதில் வராது. பதிவு செய்த நலச்சங்கம் கேட்க வேண்டும். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் ஒவ்வோர் ஆண்டும் நிர்வாகிகள் பட்டியலையும் கணக்கையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் சங்கம் இரண்டு ஆண்டுகள் தாக்கல் செய்திருக்கவில்லை. அதைத் தண்டக் கட்டணத்துடன் சரிசெய்து முடிக்கவே 11 வாரம் ஆயிற்று.

விண்ணப்பத்துடன் நாங்கள் இணைத்தவை இவை: சங்கப் பதிவுச் சான்றின் நகல், பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல், மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திர விவரம், இடத்தின் நான்கு புறமும் எடுத்த ஒளிப்படங்கள், தோட்டத்தின் கைவரைபடம், நீர் எங்கிருந்து எடுப்போம் என்ற ஒரு பத்திக் குறிப்பு. தீர்மானத்தில் "தோட்டம் அமைக்க" என்று மட்டும் எழுதாமல், பரப்பளவு, செலவை யார் ஏற்பது, பராமரிப்புக்கு யார் பொறுப்பு, பொதுமக்கள் நுழைவதைத் தடுக்க மாட்டோம் என்ற உறுதி ஆகிய நான்கையும் எழுதுங்கள். கடைசி உறுதி இல்லாததால்தான் எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. விண்ணப்பத்தை மண்டல அலுவலகத்தில் கொடுத்து, இரண்டாம் படியில் பெறப்பட்ட நாளும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு மாசியில் கொடுத்த மனுவுக்கு ஆனியில் ஒப்புதல் வந்தது.

3. வாங்குவதற்கு முன், தானாக முளைத்திருப்பதைக் கணக்கெடுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மூலிகைத் தோட்டம் என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு கன்று வாங்கப் போகிறோம். ஆனால் முதல் மழை பெய்த மூன்றாம் வாரத்தில் அந்தக் குப்பைமேட்டிலேயே கீழாநெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை, நாயுருவி, நெருஞ்சில், தும்பை, கரிசலாங்கண்ணி என்று ஏழு மூலிகைகள் முளைத்து நின்றன. வேலியோரக் கம்பியில் முடக்கத்தானும் முசுமுசுக்கையும் ஏறியிருந்தன. இவற்றில் ஒன்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, நீர் ஊற்ற வேண்டியதில்லை. அந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியவை என்பதால் அவை நட்ட கன்றுகளைவிட உறுதியாக நிற்கின்றன.

ஆகவே ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல், ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த இடத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடந்து பார்த்து, எது எங்கே முளைக்கிறது, எப்போது பூக்கிறது, எப்போது காய்ந்து மறைகிறது என்று குறித்துவையுங்கள். குறித்த இடங்களைக் கயிறு கட்டிப் பிரித்துவிடுங்கள். கயிறு கட்டுவது சிறிய காரியம்போலத் தெரியும்; அதைச் செய்யாததால் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சாலையோரம் சுத்தம் செய்ய வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள், புல்லும் பூண்டும் மண்டிக் கிடப்பதாக எண்ணி, அந்த இடம் முழுவதும் களைக்கொல்லி தெளித்துவிட்டார்கள். அவர்கள்மேல் பிழை இல்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். கீழாநெல்லி நின்ற இடம் ஒரே வாரத்தில் மஞ்சளாகிச் சாய்ந்தது. அந்த ஆண்டு அந்த இடத்தில் விளைந்த எதையும் பறிக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். கொசு மருந்து, கரையான் மருந்து, களைக்கொல்லி ஆகிய மூன்றும் இந்த எல்லைக்குள் வரக்கூடாது என்று சங்கத்தின் ஒப்பந்தங்களிலேயே எழுதிச் சேருங்கள்.

4. மண்ணையும் நீரையும் சோதியுங்கள்

மனைப்பிரிவுகளின் பூங்கா இடம் பெரும்பாலும் கட்டட இடிபாடு கொட்டிய இடமாகவே இருக்கும். அரை அடி தோண்டினால் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் பெயின்ட் டப்பாவும் வரும். மேல் மண்ணை ஒன்றரை அடி வரை எடுத்துச் சலித்துவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு என்று கலந்து, தரைமட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு நாள் நீர் தேங்கினால் சோற்றுக்கற்றாழையும் ஆவாரையும் வேர் அழுகிப்போகும் என்பதால், மேட்டுப்பாத்தியைத் தவிர்க்கவே முடியாது. மண் மாதிரியை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கட்டணம் மிகக் குறைவு. ஓரிடத்தில் எடுத்த மண்ணைக் கொடுக்காமல், ஐந்தாறு இடங்களில் முக்கால் அடி ஆழத்தில் எடுத்துக் கலந்து அரைக் கிலோ அளவு கொடுக்க வேண்டும்.

நீரில் ஓர் எச்சரிக்கை. அடுக்குமாடிகளில் சுத்திகரித்த கழிவுநீரைத் தோட்டத்துக்கு விடும் வழக்கம் இருக்கிறது. புல்தரைக்கும் நிழல் மரத்துக்கும் அது சரி. ஆனால் துவையலுக்குப் பறிக்கும் வல்லாரைக்கும் பச்சையாக மெல்லும் துளசிக்கும் அந்த நீரை விடக் கூடாது. வாகனங்கள் நிறுத்தும் இடத்தையும் பெருஞ்சாலையையும் ஒட்டியும் இலைச் செடிகளை வைக்காதீர்கள். வல்லாரை தான் நிற்கும் மண்ணிலும் நீரிலும் உள்ள நச்சு உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் செடி.

5. எவற்றை வளர்ப்பது, எவற்றைத் தவிர்ப்பது

நாற்பது ஐம்பது வகை வேண்டும் என்ற ஆசையை முதல் ஆண்டில் விட்டுவிடுங்கள். எங்கள் பட்டியல் 52இல் தொடங்கி 18இல் முடிந்தது. அந்தப் பதினெட்டைத்தான் எங்களால் சரியாக அறிந்துகொள்ள முடிந்தது. எல்லை நெடுக ஆடாதோடையும் நொச்சியும் நடுங்கள். இரண்டும் தண்டு ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும், இரண்டையும் ஆடு மாடு கடிக்காது என்பதால் உயிர்வேலியாக நிற்கும். இது முன்பே தெரிந்திருந்தால் வேலிச் செலவில் பாதியை மிச்சப்படுத்தியிருப்போம். வெயில் படும் மேட்டில் துளசி, நிலவேம்பு, ஆவாரை, கற்றாழை. பந்தலில் தூதுவளை, பிரண்டை, முடக்கத்தான். குழாயடியின் ஈரத்திலும் அரை நிழலிலும் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் திப்பிலியும். கற்பூரவள்ளியைத் தொட்டியில் வைத்தால் கட்டுக்குள் இருக்கும்.

குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் வைக்கவே கூடாதவை சில உண்டு. நம் மாநில மலராகிய செங்காந்தள் அழகானது. ஆனால் அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் உயிரைக் கொல்லும். குன்றிமணி, ஊமத்தை, அரளி, ஆமணக்கு, நேர்வாளம், எருக்கு ஆகியவையும் அப்படியே. இவையெல்லாம் சித்த மருத்துவத்தில் பயன்படுகின்றன என்பது உண்மை. அங்கே அவற்றைச் சுத்தி செய்து, அளவறிந்து, மருத்துவர் தருகிறார். நம்மிடம் அந்த அறிவு இல்லை. ஆடுதீண்டாப்பாளையையும் சேர்க்காதீர்கள், அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. புற்றுநோய் மருந்து அதிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது என்பதைக் கேட்டுவிட்டுப் பூவைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் எங்கள் தோட்டத்தில் அதற்கு இடமில்லை. சந்தன மரம் வைக்கும் ஆசை இருந்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: வெட்ட வேண்டிய நாளில் வனத்துறையின் அனுமதி வேண்டும், அதற்குள் திருட்டுக்கும் காவல் இருக்க வேண்டும்.

6. கன்றின் பெயரை உறுதி செய்யுங்கள்

கட்டுரையின் மற்றப் பகுதிகளை மேலோட்டமாகப் படித்தாலும், இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மூலிகையில் பெயர் மாறினால் ஆள் மாறியதற்குச் சமம்.

நாற்றங்கால் ஒன்றில் "மஞ்சள் கரிசலாங்கண்ணி" என்று 20 கன்றுகள் வாங்கினோம். நட்ட இரண்டு மாதத்தில் அது பாத்தியைத் தாண்டி ஓடி, வல்லாரையை மூடி, நடைபாதையில் ஏறியது. பூத்த பிறகுதான் தெரிந்தது, அது நடு, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுப் பல நாடுகளில் களையாகிப்போன ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா என்பது. அதன் இலையின் இருபுறமும் பல்போன்ற மடல் நீட்டியிருக்கும், அதாவது இலை மூன்று பிரிவாகத் தெரியும். நம்முடைய மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை பிரிவின்றி நீண்டிருக்கும். வேரோடு பிடுங்கி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. தண்டில் ஒரு கணு மண்ணில் கிடந்தாலும் மறுபடி முளைத்தது.

இப்படி மாறும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். வல்லாரை என்று தொட்டியில் விற்கப்படுவது சில வேளை அழகுக்கான நீர்ச்செடியாக இருக்கிறது. வல்லாரை இலையின் அடியில் பிளவு இருக்கும், காம்பு அந்தப் பிளவில் சேரும், அழகுச் செடியில் காம்பு குடைக்கம்பிபோல இலையின் நடுவில் சேரும். கீழாநெல்லியில் காய்கள் இலைக்காம்பின் கீழே சிறு காம்புடன் வழவழப்பாகத் தொங்கும். அதே தோற்றமுள்ள சிவப்பு வகையில் காய் காம்பின்றி ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக இருக்கும். பொன்னாங்கண்ணி என்று விற்கப்படும் செந்நிற இலைச் செடி வெளிநாட்டு வகை. நிலவேம்பு, சிறியாநங்கை, பெரியாநங்கை என்ற மூன்று பெயர்களும் விற்பவருக்கு விற்பவர் மாறி வழங்குவதால், பெயரைக் கேட்டு வாங்காமல் பூவைப் பார்த்து வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் ஆபத்தானது சீந்தில். அதைப் போலவே இருக்கும் டினோஸ்போரா கிரிஸ்பா என்னும் கொடி கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஆயுஷ் அமைச்சகம் எச்சரித்திருக்கிறது. தண்டு முழுவதும் பருப்பருவாகப் புடைத்திருந்தால் அது சீந்தில் அன்று என்றே கொண்டு விட்டுவிடுங்கள்.

உறுதி செய்யும் வழி இதுதான். செடி பூக்கும்வரை எந்தப் பெயர்ப் பலகையும் வைக்காதீர்கள். பூத்ததும் வேர், இலை, பூ, காய் நான்கும் உள்ள ஒரு சிறு கிளையையோ முழுச் செடியையோ எடுத்து, நாளிதழ் மடிப்புக்குள் விரித்து, மேலே கனம் வைத்து, தாளை நாள்தோறும் மாற்றி, ஒரு வாரம் பத்து நாளில் உலரவிடுங்கள். பறித்த நாள், இடம், பூவின் நிறம் ஆகியவற்றை அதனுடன் எழுதி வையுங்கள். உலர்ந்த பின் நிறம் போய்விடும். இந்த உலர்மாதிரிகளை அருகில் உள்ள கல்லூரியின் தாவரவியல் துறைக்கோ, அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் உள்ள அரசு சித்த மருத்துவக் கல்லூரிகளுக்கோ, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ கொண்டுசென்று கேட்கலாம். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகமும் தமிழ்நாட்டுச் செடிகளுக்குப் பெயர் பெற்றது. முன்கூட்டியே கடிதம் எழுதி நாள் கேட்டுச் செல்லுங்கள். கைபேசிச் செயலி காட்டும் பெயரைத் தேடலின் தொடக்கமாகக் கொள்ளலாமே தவிர, அதைப் பலகையில் எழுதிவிடக் கூடாது.

காப்புக்காட்டிலிருந்து கன்று தோண்டிக் கொண்டுவருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்டப்படி குற்றம், காட்டுக்கும் இழப்பு.

7. நடும் காலம்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மூலிகைக்கும் பொருந்துகிறது. ஆடிப்பெருக்கை ஒட்டிக் கிடைக்கும் மாலை மழையில் கன்று நட்டால், ஐப்பசியில் அடைமழை தொடங்குவதற்குள் வேர் பிடித்துவிடும். ஐப்பசியில் நட்டவற்றில் பாதியை நாங்கள் இழந்தோம். நிலவேம்பை மட்டும் வைகாசியிலேயே நாற்றாக விட்டு, ஆடியில் பிடுங்கி நடுங்கள். விதை கடுகைவிடச் சிறியது, மணலில் கலந்து தூவி மெல்லிய மண் மூடினால் போதும். புதிதாகச் சேகரித்த விதை உடனே முளைக்காது, சில மாதம் வைத்திருந்த விதைதான் முளைக்கும். புரட்டாசியில் வடிகால் வெட்டிவிடுங்கள். மார்கழியும் தையும் உலர்மாதிரி எடுக்கவும் விதை சேர்க்கவும் உரிய மாதங்கள்.

8. செலவு

எங்கள் 1,400 சதுர அடிக்கு ஆன செலவைத் தருகிறேன். கூலி ஊருக்கு ஊர் மாறும். இடிபாடு அகற்றி மண் நிரப்ப 18,500 ரூபாய், தொழுவுரம் 6,000, குழாய் இணைப்பு 4,800, வேலி 9,500, கன்றும் விதையும் 3,150, பலகைகள் 5,400, நகல், கட்டணம், போக்குவரத்து 600. ஆக மொத்தம் 47,950 ரூபாய்; வீட்டுக்கு ஏறத்தாழ 750. கன்றுக்கான தொகை எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் கன்றுக்குப் பணம் திரட்டிவிட்டு மண்ணுக்குப் பணம் இல்லாமல் நிற்கிறார்கள். மாதப் பராமரிப்புக்கு 2,500 ரூபாய் ஆகிறது. இதை ஓராண்டுக்கு முன்பணமாகவே திரட்டி வைத்த பிறகுதான் மண்வெட்டியைத் தொட வேண்டும், ஏனெனில் முதல் கோடையில் நீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும்.

9. பலகையில் என்ன எழுதுவது

தமிழ்ப் பெயர், வேறு வழக்குப் பெயர்கள், தமிழ் எழுத்தில் தாவரவியல் பெயர், பயன்படும் உறுப்பு, யாருக்கு ஆகாது என்ற எச்சரிக்கை ஆகியவை போதும். "சர்க்கரையைக் குணப்படுத்தும்", "புற்றுநோயை அழிக்கும்" என்று எழுதாதீர்கள். 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணிகள் சட்டம் இத்தகைய நோய்களுக்குத் தீர்வு சொல்லும் விளம்பரங்களைத் தடை செய்கிறது. தோட்டப் பலகை விளம்பரமா இல்லையா என்று வாதிடுவதைவிட, ஒரு நோயாளி அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடுவாரே என்று எண்ணிப் பார்த்தால் எழுதக் கை வராது. பிளெக்ஸ் பலகை ஒரே கோடையில் வெளுத்துவிடும். அலுமினியத் தகட்டில் எழுதுங்கள். விற்பனையிலும் இறங்காதீர்கள். இலையைப் பகிர்வது வேறு. பொடியாக்கி உறையிலிட்டு மருந்தென்று விற்க உரிமம் வேண்டும்.

10. பறிப்பதும் பகிர்வதும்

இலைகளைப் பனி உலர்ந்த காலையில் பறிக்க வேண்டும். முழுச் செடியாகப் பயன்படும் நிலவேம்பையும் கீழாநெல்லியையும் பூக்கும் பருவத்தில், சுமார் மூன்று மாதத்தில் எடுப்பார்கள். சேமித்து வைக்க நிழலில் உலர்த்துங்கள்; மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்ததைத் தூக்கி எறியத் தயங்காதீர்கள்.

நான் மற்றவர்களுக்குத் தயங்காமல் சொல்வது உணவாகும் மூலிகைகளைத்தான். தூதுவளையில் முள் நீக்கி ரசமோ துவையலோ செய்யலாம்; சளிக்கு நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வது. முடக்கத்தானை மாவில் அரைத்துத் தோசையாக மூட்டுவலிக்காரர்களுக்குத் தருவது வழக்கம். வல்லாரைத் துவையல் நினைவாற்றலுக்கு என்பார்கள். பிரண்டையை எண்ணெய் தடவிய கையால், இளந்தண்டாகப் பறித்து, நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைக்க வேண்டும். பச்சையாகவோ அரைகுறையாக வதக்கியோ உண்டால் நாவும் தொண்டையும் அரிக்கும், ஏனெனில் அதில் ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. எங்கள் தோட்டத்தில் அதிகம் பறிக்கப்படுவது பிரண்டைதான். நொச்சி இலையை வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்கலாம். குழந்தைகளைப் பாத்திரத்தின் அருகே விடாதீர்கள். காய்ந்த நொச்சி இலையை அரிசியிலும் பருப்பிலும் போட்டால் வண்டு அண்டாது. கற்பூரவள்ளிச் சாற்றில் தேன் கலந்து தரும் வழக்கம் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

இவற்றுக்கு அப்பாற்பட்டவை மருத்துவர் சொன்னால் மட்டுமே. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளைக் கொண்டுதான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தே உருவாயிற்று. அந்த வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கருவுற்றவர்கள் தொடக் கூடாது. நிலவேம்பும் அவர்களுக்கு வேண்டாம். நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் அன்று. வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்த ஒன்பது சரக்குகளின் கூட்டு. தோட்டத்து இலையை மட்டும் கொதிக்கவைத்து அந்தப் பெயரில் தராதீர்கள். குப்பைமேனியை மஞ்சளுடன் அரைத்துத் தோல் அரிப்புக்கு மேற்பூச்சாகப் பூசுவது வழக்கம். உள்ளே கொடுக்கக் கூடாது, ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அந்தக் குறைபாடு இருப்பதே பலருக்குத் தெரியாது. பச்சிளங்குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொடுப்பதையும் நிறுத்தச் சொல்கிறோம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது எல்லோருக்கும் தெரிந்தது; ஆனால் கண் மஞ்சளானால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் பத்து நாள் சாறு குடித்துக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

எங்கள் தெருவில் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் பெரியவர் ஒருவர், பந்தலில் ஏறியிருந்த சிறுகுறிஞ்சான் இலையை யாரிடமும் சொல்லாமல் நாள்தோறும் காலையில் மென்றுவந்தார். அந்த இலை இனிப்புச் சுவையையே சிறிது நேரம் மறைத்துவிடும், இரத்தத்தில் சர்க்கரையையும் குறைக்கும். மாத்திரையும் இலையும் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து, ஒருநாள் விடியலில் அவர் நினைவிழந்து கிடந்தார். 108 வண்டி வந்து சேர்ந்ததால் பிழைத்தார். அன்று எங்கள் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு சிறுகுறிஞ்சானை எடுத்துவிட்டோம், ஒரு பதிவேட்டையும் தொடங்கினோம்.

பதிவேடு வைப்பது எளிது. வாயிலில் ஒரு பெட்டியில் நூறு பக்க நோட்டும் பேனாவும் இருக்கும். பறிப்பவர் நாள், வீட்டு எண், செடி, அளவு, எதற்காக என்பதை எழுத வேண்டும். நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவரா, கருவுற்றவரா, குழந்தைக்காகவா என்று கேட்கும் மூன்று கட்டங்களில் குறியிட வேண்டும். மூன்றில் ஒன்றில் "ஆம்" என்று விழுந்தால், உணவுக்கான செடியைத் தவிர வேறெதையும் பறிக்காமல் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. தனியாரிடம் செல்வதானால் அவருடைய பட்டத்தையும் மருத்துவ மன்றப் பதிவு எண்ணையும் கேட்டுப் பார்க்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஏதாவது தவறி உண்டு மயக்கமோ வாந்தியோ ஏற்பட்டால், 108ஐ அழைத்துவிட்டு, உண்ட செடியின் ஒரு கிளையைக் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் அங்கே சிகிச்சையை முடிவு செய்வார்கள். எங்கள் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம்.